லூதரன் கோட்பாடும் தமிழ்ச் சமூகமும்: சில தவறான எண்ணங்கள் பற்றிய மறுநோக்கு

1

தமிழிற் கிறித்தவம் பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் இருவழிப்பட்டனவாய் உள்ளன. மிஷனரிமாரின் மொழித்தொண்டையும் அச்சுப்பணியையும் போற்றியுரைப்பன ஒருவகை. மதமாற்றத்தை அந்நிய ஆட்சியின் துணைவிளைவாகக் கண்டு கண்டிப்பன மற்றொருவகை. எதிரெதிரானவை போலத் தோன்றும் இவ்விரு நோக்குகளும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. கிறித்தவத்தின் உட்பிரிவுகளையும், அப்பிரிவுகள் தமக்குள் கொண்ட கோட்பாட்டு வேறுபாடுகளையும், அவை சமூக வாழ்வில் வகித்த பங்கினையும் இரண்டுமே அதிகம் பொருட்படுத்துவதில்லை.

மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குப்புறமாக, வத்துகாமத்திலிருந்து மலையேறும் பாதையில் அமைந்த எல்கடுவ போன்ற தோட்டப் பிரதேசங்களிலிருந்து நோக்குவோர்க்கு இக்குறைபாடு தெளிவாகப் புலப்படும். கோப்பிக் காலத்திலும் அதன்பின் தேயிலைக் காலத்திலும் தமிழக மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்து மலையேறியோரின் வழித்தோன்றல்கள் வாழும் மலைகள் இவை. அவர்களுட் பெரும்பான்மையோர் மாரியம்மனை வழிபடும் இந்துக்கள். சிறுபான்மையினரான கிறித்தவரோ, கத்தோலிக்கராயினும் அங்கிலிக்கராயினும் மெதடிஸ்தராயினும் லூதரராயினும், பொதுவழக்கில் ‘வேதக்காரர்’ என்ற ஒரு சொல்லுள் அடக்கப்படுகின்றனர். பாமர வழக்கில் இது இயல்பே. ஆனால் ஆய்வாளரும் இவ்வழக்கையே கைக்கொள்ளும்போது வரலாற்றின் சில முக்கியமான முடிச்சுக்கள் அவிழ்க்கப்படாமலே போய்விடுகின்றன.

லூதரன் மரபினை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தில் முதன்முதலாக வேரூன்றிய புரட்டஸ்தாந்து மரபு இதுவே. 1706ஆம் ஆண்டு யூலை மாதத்தில் பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றிக் புளூச்சோவும் டென்மார்க்கு மன்னன் நான்காம் பிரெடெரிக்கின் ஆதரவுடன் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். எனினும் இம்மரபு பற்றியே தவறான எண்ணங்கள் மிகுதியாக நிலவுகின்றன. அவற்றுட் சில பிற கிறித்தவரிடையே வழங்குவன. சில எம்போன்ற முற்போக்கு ஆய்வாளரிடையே வழங்குவன. இருவகையினவற்றையும் பரிசீலித்து, கோட்பாட்டுக்கும் சமூக அடித்தளத்துக்குமிடையிலான உறவை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலாவது எண்ணம், லூதரர் ‘அரைக் கத்தோலிக்கர்’ என்பது. பீடத்திற் பாடுபட்ட சுரூபம், மெழுகுவர்த்தி, குருமாரின் அங்கி, வழிபாட்டு முறை, குழந்தை ஞானஸ்நானம் ஆகியவற்றைக் காணும் பிற புரட்டஸ்தாந்தினர் இவ்வாறு கருதுதல் எளிது. இதற்கு நேர்மாறான எண்ணம் கத்தோலிக்கர் பக்கத்தில் எழுந்தது. வீரமாமுனிவர் எனப்படும் பெஸ்கி (1680–1747) தரங்கம்பாடியாரை மறுத்து ‘வேதவிளக்கம்’, ‘பேதகமறுத்தல்’, ‘லுத்தேரினத்தியல்பு’ முதலிய உரைநடை நூல்களை இயற்றினார். திருச்சபையை உடைத்து மரபனைத்தையும் கைவிட்டவர்களாகவே அவற்றில் லூதர்வழியினர் காட்சியளிக்கின்றனர். ஒருபுறத்தார்க்கு எதையும் விடாதவர். மறுபுறத்தார்க்கு எல்லாவற்றையும் விட்டவர். தமிழ் உரைநடையின் வளர்ச்சிக்கு இக்கண்டன இலக்கியம் உதவியது உண்மையே. ஆயினும் எதிரியைப் பற்றிய சித்திரம் கண்டனத்தின் தேவைக்கேற்பத் தீட்டப்படுவது என்பதையும் மறத்தலாகாது.

உண்மை நிலை யாது? 1517இல் பாவமன்னிப்புச் சீட்டு வாணிகத்தை எதிர்த்து மார்ட்டின் லூதர் 95 வாசகங்களை வெளியிட்டபோது புதிய சபையொன்றை நிறுவுதல் அவரது கருத்தன்று. லூதரரின் அடிப்படை அறிக்கையான 1530ஆம் ஆண்டு ஓக்ஸ்பேர்க் அறிக்கையும், பழைய திருச்சபையின் பொது விசுவாசத்தினின்றும் தாம் விலகவில்லை என்பதையே வற்புறுத்துகின்றது. வேதத்துக்கு முரணாகாத பழைய வழக்குகள் தொடரலாம் என்பது அவர்தம் நிலைப்பாடு. 1522இல் விற்றன்பேர்க்கில் சுரூபங்களை உடைக்க முற்பட்டோரை லூதரே தடுத்தார். மரியாளைப் போற்றுவதை அவர் ஒழிக்கவில்லை. மரியாளிடம் பரிந்துரை வேண்டுவதையே விலக்கினார். பத்துக் கற்பனைகளை எண்ணும் முறையிலும் இத்தொடர்ச்சியைக் காணலாம். விக்கிரகங்களைச் செய்யலாகாது என்பதைக் கல்வின் வழியினரும் அங்கிலிக்கரும் தனிக் கற்பனையாக எண்ணுவர். லூதரரோ, கத்தோலிக்கரைப் போன்று, அதனை முதற் கற்பனையுள் அடக்கி, இச்சை பற்றிய இறுதிக் கற்பனையை இரண்டாகப் பிரிப்பர். ஞானோபதேசம் மனனஞ் செய்த பிள்ளைகள் இருவர் ‘நான்காம் கற்பனை யாது?’ என்ற வினாவுக்கு வெவ்வேறு விடை கூறுவார்களாயின், அவர்கள் வெவ்வேறு சபையினர் என்பதே அதற்குக் காரணமாகலாம்.

திருவிருந்து பற்றிய கருத்தும் இவ்வாறே தவறாக விளங்கிக்கொள்ளப்படுகின்றது. அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் பொருள் மாற்றம் அடைகின்றன என்பது கத்தோலிக்கக் கொள்கை. அவை நினைவுச் சின்னங்களே என்பது சுவிங்கிளியின் கருத்து. விசுவாசிகள் ஆவிக்குரிய முறையிற் கிறிஸ்துவைப் பெறுகின்றனர் என்றார் கல்வின். 1529இல் மார்பேர்க் நகரில் லூதரும் சுவிங்கிளியும் சந்தித்தபோது பல விடயங்களில் உடன்பாடு கண்டும் இவ்வொன்றிலே பிரிந்தனர். அப்பத்திலும், அப்பத்தோடும், அப்பத்தின் கீழும் கிறிஸ்துவின் உடல் மெய்யாகவே உள்ளது என்பது லூதரின் கொள்கை. இதனை ‘இருபொருளிணைவு’ போன்ற தத்துவப் பெயர்களாற் சுட்டுவது பிறர் வழக்கு; லூதரர் அப்பெயரை ஏற்பதில்லை. எவ்வாறு நிகழ்கின்றது என்பதைத் தத்துவத்தால் விளக்க முற்படுவதே தவறு என்பது அவர்தம் வாதம்.

‘விசுவாசத்தினால் மட்டும்’ என்ற கொள்கையைக் கொண்டு, லூதரர் நற்செயலைப் புறக்கணிப்பவர் என்று கூறுவாரும் உளர். மீட்பினைச் சம்பாதிக்கும் விலையாக நற்செயலைக் கொள்வதையே லூதர் மறுத்தார். விசுவாசத்தின் கனியாக அது தவறாது விளையும் என்று கூறினார். இவ்விடயத்தில் 1999ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி ஓக்ஸ்பேர்க்கில் லூதரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் பொதுப் பிரகடனமொன்றிற் கைச்சாத்திட்டன. 2006இல் மெதடிஸ்தரும் அதனோடு இணைந்தனர். நானூறாண்டுப் பூசலின் பெரும்பகுதி சொற்களின் மேல் நடந்ததென்பதை இது புலப்படுத்துகின்றது. அவ்வாறாயின், அச்சொற்கள் இத்துணைக் காலம் மனிதரைப் பிரித்து வைத்தமைக்கான காரணத்தைச் சொற்களுக்கு வெளியே தேட வேண்டியுள்ளது.

3

இரண்டாவது எண்ணம் கற்றோரிடையே வழங்குவது. புரட்டஸ்தாந்து மதம் எனப்படுவது ஒருபடித்தானது. அது முதலாளித்துவத்தின் சமயம். எனவே அது சென்றவிடமெல்லாம் தனிமனித ஊக்கமும் நவீனத்துவமும் சென்றன என்ற வாய்பாடு அது. மாக்ஸ் வேபர் 1904–05இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். ஆனால் வேபரின் வாதம் பெரிதும் கல்வினியத்தையும் அதன் வழிவந்த பிரிவுகளையும் பற்றியது. இவ்வுலகத் தொழிலை இறைவன் தந்த அழைப்பாகக் கொண்டமை லூதரின் புதுமை என ஏற்கும் வேபர், அக்கருத்து லூதரிடத்தில் மரபுபேணும் தன்மையினதாகவே நின்றுவிட்டது என்றும் கூறுகின்றார். அவரவர் தத்தம் நிலையில் நின்று கடமையாற்றுக என்னும் போதனை வணிகனை ஊக்குவதைவிட நிலவுடைமை ஒழுங்கைப் பேணுவதற்கே பொருத்தமானது.

இலங்கையின் அனுபவமும் இவ்வேறுபாட்டை உணர்த்தும். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கொணர்ந்தது கல்வினிய சீர்திருத்த சபை. வணிகக் கம்பனியின் நிருவாகத்தோடு பிணைந்திருந்த அச்சபையில், பதவி பெறுவதற்கு ஞானஸ்நானம் வேண்டப்பட்டது. தரங்கம்பாடியிலோ நிலைமை வேறு. டேனிய மன்னனின் ஆதரவு பெற்ற சீகன்பால்கை அங்கிருந்த டேனியக் கம்பனியின் அதிகாரியே 1708இல் நான்கு மாதங்கள் சிறையிலடைத்தார். இதனாலே தரங்கம்பாடி மிஷன் குடியேற்றவாதத்துக்கு எதிரானது என்று கூறிவிட முடியாது. மன்னனின் பக்திவாத அவைக்கும் கம்பனியின் இலாப நோக்குக்குமிடையில் முரண்பாடு இருந்தது. மிஷனரிமார் அம்முரண்பாட்டின் இடுக்கிற் பணியாற்றினர் என்பதே பொருத்தமான கூற்றாகும். 1715இல் நிறைவுற்ற தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் அச்சுப்பதிப்பும், பாடசாலைகளும் அவ்விடுக்கில் விளைந்தவையே.

4

மூன்றாவது எண்ணம் எம்மவரிடையே வலுவுள்ளது. லூதரியம் அதிகாரத்துக்கு அடிபணியும் சமயம் என்பது அது. 1525ஆம் ஆண்டு ஜெர்மன் விவசாயிகள், பண்ணையடிமை ஒழிப்பு உள்ளிட்ட பன்னிரு கோரிக்கைகளை வேதத்தின் பெயரால் முன்வைத்து எழுந்தபோது, லூதர் பிரபுக்களின் பக்கம் நின்று விவசாயிகளை ஒடுக்குமாறு எழுதினார். தோமஸ் முன்சர் கொல்லப்பட்டார். ஏங்கல்ஸ் 1850இல் எழுதிய ஜெர்மன் விவசாயிகள் யுத்தம் பற்றிய நூல் இவ்விருவரையும் இருவேறு வர்க்கங்களின் பிரதிநிதிகளாக இனங்கண்டது. அம்மதிப்பீடு இன்றும் செல்லுபடியாகும் என்பதே எமது கருத்து.

எனினும் இங்கு ஒரு பாகுபாடு அவசியம். இறைவன் உலகை நற்செய்தியினாலும் சட்டத்தினாலும் இருவகையாக ஆள்கின்றான் என்பது ‘இரு ஆட்சிகள்’ எனப்படும் லூதரன் கொள்கை. ஒன்றின் பணியை மற்றொன்று கைப்பற்றலாகாது என்பது அதன் சாரம். இதிலிருந்து ‘ஆட்சியாளரின் செயலிற் சபை தலையிடலாகாது’ என்ற முடிவுக்கு வரலாம். ‘சபையின் மனச்சாட்சியில் ஆட்சியாளன் தலையிடலாகாது’ என்ற முடிவுக்கும் வரலாம். இட்லரை வரவேற்ற ‘ஜெர்மன் கிறித்தவர்’ இயக்கத்தில் லூதரர் பலர் இருந்தனர். 1945இல் நாசிகளால் தூக்கிலிடப்பட்ட டீட்ரிக் பொன்ஹோபரும் லூதரரே. 1942இல் நாசி ஆதரவு அரசை எதிர்த்து நோர்வேயின் லூதரன் பேராயர்கள் தம் அரசுப் பதவிகளைத் துறந்தனர். அறிக்கை ஒன்றே, அதிலிருந்து பெறப்பட்ட முடிவுகள் எதிரெதிரானவை. எந்த முடிவு பெறப்படும் என்பதை அறிக்கையின் வாசகங்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை.

5

தமிழ்ச் சமூகத்தைப் பொறுத்தவரையில் இவ்வுண்மை சாதிப் பிரச்சினையிலேதான் முழுமையாக வெளிப்படுகின்றது. விசுவாசிகள் யாவரும் குருக்களே என்ற லூதரின் போதனை தமிழகத்திற் சமத்துவத்தைக் கொணர்ந்தது என்று ஒருசாரார் கூறுவர். லூதரியம் சாதியைக் கோட்பாட்டளவில் ஏற்றுக்கொண்ட சமயம் என்பர் மற்றொருசாரார். இரண்டும் பிழையே.

1718இல் தரங்கம்பாடியில் எழுப்பப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் சாதிவாரியாகப் பிரிந்து அமரும் வழக்கம் நிலைபெற்றது. 1733இல் ஆரோன் என்னும் வேளாளர் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவிற் புரட்டஸ்தாந்து குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. அக்காலத்தில் தஞ்சைப் பகுதியில் அயராது உழைத்த உபதேசியார் இராசநாயக்கன், பறையர் குலத்திற் பிறந்தவர்; தகுதியிற் குறைவில்லாத அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்படவில்லை. உயர்சாதியார் அவர் கையால் திருவிருந்து பெற மறுப்பர் என்ற அச்சமே தடையாயிற்று. அப்பத்தில் மெய்யாகவே இறைவன் உள்ளான் என்று போதித்த சபையில், அவ்வப்பத்தை அளிக்கும் கை எக்குலத்தினது என்பது பொருட்படுத்தப்பட்டது. கோட்பாடு சமூக உறவின் முன் பின்வாங்கிய தருணம் இது.

அடுத்த நூற்றாண்டில் நிகழ்ந்தவை மேலும் சிந்தனைக்குரியவை. பிரித்தானியர் ஆட்சிப் பகுதிகளில் லூதரன் குருமார் பலர் அங்கிலிக்கச் சங்கமொன்றின் பணத்தில் ஊழியம் செய்து வந்தனர். 1820களின் நடுப்பகுதியில் அச்சபைகள் மற்றோர் அங்கிலிக்கச் சங்கத்திடம் கையளிக்கப்பட்டன. இவ்வாறு தஞ்சை, திருச்சி, திருநெல்வேலி மக்கள் பலர் தம் நம்பிக்கையில் எந்த மாற்றமுமின்றியே லூதரரிலிருந்து அங்கிலிக்கராயினர். 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைகளிற் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சை வேளாளக் கிறித்தவர் கொதித்தெழுந்தனர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சாதி வழக்குகளில் மிஷனரிமார் தலையிடுவதை எதிர்த்து எழுதியிருந்தார். லைப்சிக் லூதரன் மிஷனின் முதல் மிஷனரி 1841இல் தரங்கம்பாடியை அடைந்த பின்னர், இவ்வாறு முரண்பட்டோர் பலர் அம்மிஷனை நாடினர். ‘முன்னோர் மார்க்கத்துக்குத் திரும்புகிறோம்’ என்று அவர்கள் கூறினர். கூற்றிற் கோட்பாட்டுப் பற்று இல்லாமலில்லை. ஆயினும் அவர்கள் திரும்பிய வேளை எது என்பதை நோக்கின் அடிப்படைக் காரணம் புலப்படும்.

1850இல் சென்னையிற் கூடிய மிஷனரி மாநாட்டில் புரட்டஸ்தாந்து மிஷன்கள் சாதிக்கெதிராகத் தீர்மானித்தபோது லைப்சிக் மிஷன் மட்டுமே உடன்படவில்லை. அதன் நெறியாளர் கார்ல் கிரவுல், திருக்குறளை ஜெர்மன் மொழியிற் பெயர்த்த தமிழறிஞர். சாதி பெரும்பாலும் உலகியல் வழக்கு. சட்டத்தால் அதனை ஒழிக்க முயல்வது தகாது. நற்செய்தியின் தாக்கத்தால் அது நாளடைவில் தேய்ந்தழியும் என்பது அவர் நிலைப்பாடு. இதற்கு லூதரரின் ‘பொதுநிலைக் காரியங்கள்’ பற்றிய கொள்கை துணைக்கழைக்கப்பட்டது. இறைவன் கட்டளையிடாத, விலக்காத வழக்குகள் பொதுநிலையானவை. அவற்றிற் சபைக்குச் சுதந்திரம் உண்டு.

அதே மிஷனின் கார்ல் ஒக்ஸ் என்பவர் இதனை ஏற்கவில்லை. சாதியை விட்டுக்கொடுக்காமல் எதிர்க்க வேண்டும் என்று வாதிட்டு மிஷனைவிட்டு வெளியேறினார். 1861இல் மேல்பட்டாம்பாக்கத்திற் புதிய பணியைத் தொடங்கினார். பின்னர் டேனிய மிஷன் சங்கத்தின் ஆதரவைப் பெற்ற அப்பணியிலிருந்தே ஆற்காடு லூதரன் திருச்சபை கிளைத்தது. கிரவுலும் ஒக்சும் ஒரே அறிக்கைக்குக் கட்டுப்பட்டவர்கள். ஆகவே ‘லூதரன் கோட்பாடு சாதியை ஏற்றது’ என்போர் ஒக்சுக்கு விடை கூற வேண்டும்; ‘எதிர்த்தது’ என்போர் கிரவுலுக்கு விடை கூற வேண்டும்.

இவ்விடத்திற் கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. பொதுநிலைக் காரியங்கள் பற்றிய கொள்கை 1577ஆம் ஆண்டு இணக்க வாய்பாட்டின் பத்தாம் பிரிவில் விளக்கப்பட்டுள்ளது. அப்பிரிவிற்கு இரண்டாவது பாதியும் உண்டு. பொதுநிலையான வழக்கொன்று நற்செய்தியின் உண்மைக்கே ஊறு செய்யும் வகையில் வற்புறுத்தப்படும்போது அது பொதுநிலையாக இருப்பதில்லை. அங்கே விட்டுக்கொடுத்தல் கூடாது என்பதே அது. தஞ்சையில் முதற்பாதியே பேசப்பட்டது. நிலமும் கல்வியும் செல்வாக்கும் கொண்ட வேளாளர் சபையின் தூண்களாய் இருந்த சூழலில் இரண்டாம் பாதியை வாசிப்பதற்கு நிறுவனத்திடம் துணிவிருக்கவில்லை. 1977இல் தாருஸ்ஸலாமிற் கூடிய லூதரன் உலக சம்மேளனம், தென்னாபிரிக்க நிறவெறி ஒதுக்கலை எதிர்ப்பது விசுவாச அறிக்கைக்குரிய விடயம் என்று பிரகடனம் செய்தது. 1984இல் புடாபெஸ்ற்றில் வெள்ளையர் சபைகள் இரண்டின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. இரண்டாம் பாதி அங்கே வாசிக்கப்பட்டது. இடையில் மாறியது அறிக்கையன்று. ஆபிரிக்க மக்கள் சபைகளின் பெரும்பான்மையினராகி, விடுதலைப் போராட்டங்களின் அனுபவத்தோடு அவைக்கு வந்திருந்தனர். மாற்றம் அங்கிருந்தே பிறந்தது.

6

நிறுவனங்களின் வடிவமும் இவ்வாறே வரலாற்றால் நிருணயிக்கப்பட்டது. முதலாம் உலக யுத்தத்தின்போது ஜெர்மன் மிஷனரிமார் வெளியேற்றப்பட, சுவீடன் சபை பொறுப்பேற்றது. 1919இல் தமிழ்ச் சுவிசேஷ லூதரன் திருச்சபை அமைந்தது. 1921இல் அதற்குத் தரங்கம்பாடிப் பேராயர் வாய்த்தார். பேராயர் மரபைப் பேணிவந்த சுவீடன் சபையின் வழியே இப்பதவி வந்தது. பேராயரைக் காணும் ஒருவர் இதனைக் கத்தோலிக்க எச்சம் எனக் கருதலாம். உண்மையில் அது யுத்தத்தின் விளைவு. வேத வசனத்தின் தவறாமை பற்றிய பிணக்கில் லைப்சிக்கிலிருந்து பிரிந்த மிஷனரிமாரைக் கொண்டு அமெரிக்க மிசூரி சபை 1895இல் கிருஷ்ணகிரியில் வேறொரு லூதரன் மரபைத் தொடங்கியது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை அமைந்தபோது அங்கிலிக்கர், மெதடிஸ்தர் முதலியோர் ஒன்றிணைய, லூதரர் வெளியே நின்றமைக்குத் திருவிருந்து முதலியவை பற்றிய கோட்பாட்டுக் கவலையும் ஒரு காரணம். தனித்தனி மிஷன்களின் நிதியும் சொத்தும் மற்றொரு காரணம்.

மலையகத்தில் இப்பிரிவுகள் இன்னொரு தளத்தில் இயங்கின. 1854இல் அங்கிலிக்கச் சங்கம் தொடங்கிய ‘தமிழ்க் கூலி மிஷன்’ தோட்டத்துரைமாரின் பணத்திலும் அனுமதியிலும் தங்கியிருந்தது. தோட்டத்துக்குள் யார் போதிக்கலாம், பாடசாலை எங்கு அமையலாம் என்பவற்றில் துரையின் விருப்பம் முக்கியமாயிற்று. தமிழகத்தில் எச்சபையிற் பிறந்தவராயினும், தொழிலாளி தோட்டத்தை எட்டிய சபையையே நாட வேண்டியிருந்தது. மிசூரி மரபைச் சேர்ந்த லூதரன் மிஷன் இலங்கையிற் பணி தொடங்கியது 1927இலேயே. காலத்தாற் பிந்தி வந்த சிறு சபை அது. இதனால் மலையகத்தில் ஒருவரது சபைப் பெயர் அவரது கோட்பாட்டுத் தெரிவைக் காட்டுவது அரிது; அவர் மூதாதையர் எந்த மாவட்டத்திலிருந்து எக்கங்காணியின் கீழ் எத்தோட்டத்துக்கு வந்தனர் என்பதையே அது பெரும்பாலும் காட்டும். வேதக்காரர் என்ற பொதுச்சொல்லின் பின்னால் இத்தனை வரலாறும் மறைந்து கிடக்கின்றது.

தோட்டத் தொழிலாளரிற் பெருந்தொகையினர் தமிழகத்தில் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தோர். தஞ்சையிற் சபையின் தூண்களாய் நின்ற நிலவுடைமையாளர் இங்கு இலர். அவர்கள் இடத்திற் கங்காணியும் அவனுக்கு மேல் துரையும் இருந்தனர். சாதி உணர்வு லயன்களிலும் தொடர்ந்தது. எனினும் சபையின் சமூக அடித்தளம் வேறாயிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியபோதும், 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தபோதும், கத்தோலிக்கர், லூதரர், இந்து என்ற பேதம் எவரையும் காக்கவில்லை. அத்தருணங்களில் ‘அரசின் காரியம் அரசுக்கு’ என்று ஒதுங்குவதா, ‘மனிதனின் உரிமை பொதுநிலைக் காரியமன்று’ என்று எழுவதா என்ற வினா எல்லாச் சபைகளையும் எதிர்நோக்கியது. அவ்வினாவுக்கு விடை பத்தாம் பிரிவிலும் இல்லை, பாப்பிறையின் ஆணையிலும் இல்லை. சபையிற் பெரும்பான்மையினரான உழைப்பாளரின் குரல் சபையின் முடிவாகின்றதா என்பதிலேயே உள்ளது.

ஆகவே லூதரன் மரபை ஆராய்வோர் இரண்டு வழுக்களைத் தவிர்த்தல் வேண்டும். கோட்பாட்டினின்றே சமூக நடத்தை பிறந்தது எனக் கொள்வது ஒன்று, அது கருத்துமுதல்வாதம். கோட்பாடு வெறும் திரை எனத் தள்ளுவது மற்றொன்று. அது கொச்சைப் பொருள்முதல்வாதம். கோட்பாடு மனிதர் போராடும் களங்களில் ஒன்று. ஒரே பிரிவின் இரு பாதிகளுள் எதனை எவர் எப்போது வாசித்தனர் என்று வினவும்போதே சமய வரலாறு சமூக வரலாறாகின்றது. இராசநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட குருப்பட்டத்திலிருந்து தொடங்கி, எல்கடுவ போன்ற மலைகளில் வாழும் வேதக்காரரின் அனுபவம் வரையில் இவ்வினா நீளுதல் வேண்டும். தோட்டத்துச் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளும் முதியோரின் நினைவுகளும் அழிந்துபோகுமுன் அப்பணியை மேற்கொள்வது எமது தலைமுறை ஆய்வாளரின் கடமையாகும்.